கிணற்றடியில் கிடந்த மதராஸ் சக்கரம்

சென்னைக்குப் போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதினால் மெரினா கடற்கரை, மயிலாப்பூர்க் கோயில், தியாகராய நகர்ச் சேலைக் கடைகள் என்று எழுதுவதுதான் வழக்கம். நானும் அந்த மூன்றையும் பார்த்தேன். சேலையும் வாங்கினேன். ஆனால் இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வந்தது, ஆலந்தூரில் ஒரு பழைய வீட்டின் கிணற்றடியில் கிடந்த இரும்புத் துண்டைப் பற்றி. இரும்பில் என்ன கதை இருக்கப் போகிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சற்றுப் பொறுமையோடு கேளுங்கள். இது உங்கள் வீட்டுக் கதையாகவும் இருக்கலாம்.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றும் ஆசிரியை. என் அப்பா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை சுமந்தவர். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. எங்கள் வீட்டில் பரம்பரையாக ஒரு பேச்சு உண்டு. “நம்ம பாட்டனுக்கு அப்பன் மதராசுல பீரங்கி வண்டிப் பட்டறையில வேலை பார்த்தவரு. பட்டறையை வடக்கே கொண்டு போயிட்டாங்க. வேலை போச்சு. அதனாலதான் பாட்டன் கப்பல் ஏறினாரு” என்று அப்பா சொல்வார். லயத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. “கப்பல் ஏறி வந்தவன் எல்லாம் ஊர்ல ராஜா வீட்டுப் பிள்ளைதான்” என்று மண்டோர் ஒருவர் கேலி செய்ததை நானே சிறுமியாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். அப்பா பதில் சொல்லவில்லை. காண்டாவைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

பள்ளி விடுமுறையில் நானும் என் மூத்த மகனும் சென்னைக்குப் புறப்பட்டபோது அப்பா கேட்டது ஒன்றுதான். “ஆலந்தூர்ல பெரியப்பா வீட்டுக் கிணத்தடியில ஒரு பீரங்கிச் சக்கரம் கிடக்குதாம். என் தாத்தா சொல்லியிருக்காரு. இன்னும் இருக்குதான்னு பார்த்துட்டு வா.”

பரங்கிமலை அடிவாரத்தில்

கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரப் பறப்பு. மீனம்பாக்கத்தில் விமானம் தாழ்ந்து வரும்போது, வீடுகளுக்கு நடுவே ஒரு சிறு குன்றும் அதன் உச்சியில் வெள்ளைத் தேவாலயமும் தெரியும். அதுதான் பரங்கிமலை. ‘பரங்கியர்’ என்று நம் முன்னோர் அழைத்த போர்த்துக்கீசியர் 1523-இல் அங்கே கோயில் கட்டினார்கள். புனித தோமையார் மலை என்றும் அதற்குப் பெயர். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலில் ஏறினால் மூன்றாவது நிலையம் ஆலந்தூர். அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் எங்கள் பங்காளி வீடு.

ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, பின்னால் வற்றிப்போன கிணறு. பெரியப்பாவும் பெரியம்மாவும் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். “உங்க அப்பன் வரலியாம்மா?” என்பதுதான் முதல் கேள்வி. கால் முட்டி வலியால் அவரால் விமானப் படி ஏற முடியவில்லை என்றேன். பெரியப்பாவின் முகம் வாடியது. அவரும் அப்பாவும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

காபி குடித்து முடிப்பதற்குள் ஒரு செய்தி தெரிந்தது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதற்காகக் கட்டடக்காரரிடம் பேசி முடித்துவிட்டார்கள். பழைய சாமான்களை எடுத்துக்கொள்ள வெள்ளிக்கிழமை காயலான் கடைக்காரர் வருகிறார். நம் ஊரில் பழைய இரும்புக்காரர் என்போமே, அவர்களைச் சென்னையில் இப்படித்தான் சொல்கிறார்கள். நாங்கள் போய் இறங்கியது திங்கட்கிழமை.

“அந்தச் சக்கரம் இருக்கா பெரியப்பா?” என்று கேட்டேன்.

“சக்கரமா? துளசிச் சட்டிக்கு முட்டுக் கொடுத்திருக்கோமே, அந்த இரும்பைச் சொல்றியா? அதுக்கும் சேர்த்துத்தான் நூறு ரூபா அட்வான்ஸ் வாங்கிட்டேன்” என்றார் அவர்.

தேரா, திப்புவா?

துளசிச் சட்டியை இறக்கி வைத்தோம். அடியில் இருந்தது முழுச் சக்கரம் அல்ல. சக்கரத்தின் நடுப்பாகம். வண்டிச் சக்கரத்தின் நடுவே இருப்பதைக் ‘குடம்’ என்றும், அதிலிருந்து விரியும் கட்டைகளை ‘ஆரக்கால்’ என்றும், வெளிச்சுற்று மரத்தை ‘வட்டை’ என்றும், அதன்மேல் மாட்டும் இரும்பு வளையத்தைப் ‘பட்டா’ என்றும் மாட்டு வண்டி ஓட்டிய நம் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் முன்னே கிடந்தது குடம். ஆனால் இரும்புக் குடம்! இரண்டு வட்டத் தட்டுகள். நடுவே அச்சு நுழையும் குழல். தட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் திருகாணிகள். இரு தட்டுகளுக்கும் நடுவில் கறுத்து உளுத்த மரத்துண்டுகள் ஆப்பு ஆப்பாக அடைந்திருந்தன.

செய்தி பரவி அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். அது கோயில் தேர்ச் சக்கரம் என்றார் ஒருவர். திப்பு சுல்தானின் பீரங்கி என்றார் இன்னொருவர். ஜட்கா வண்டியாக இருக்கும் என்றார் மூன்றாமவர். பெரியப்பாவோ, “எங்க தாத்தா வெள்ளைக்காரன் பீரங்கின்னுதான் சொல்லுவாரு” என்று ஒரே பிடியாக நின்றார்.

வகுப்பறையில் பிள்ளைகள் நான்கு விதமாக விடை சொன்னால் நாம் என்ன செய்வோம்? ஒவ்வொரு விடையையும் சோதித்துப் பார்க்கச் சொல்வோம். அதையே செய்தேன். என் மகன் அளவுநாடாவும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டான்.

முதலில் தேர். பழைய கோயில் தேர்களின் சக்கரம், கனமான மரப் பலகைகளைச் சேர்த்துச் செய்த முழுச் சக்கரம். அதற்கு ஆரக்கால் கிடையாது. எங்கள் குடத்திலோ ஆரக்கால்களின் அடிக்கட்டைகள் வரிசையாக இருந்தன. ஆகவே தேர் இல்லை.

அடுத்து மாட்டு வண்டி. ஆரக்கால்களை மகன் எண்ணினான்; பன்னிரண்டு. “மாட்டு வண்டிக்கும் பன்னிரண்டு உண்டே” என்றார் பெரியம்மா. உண்மைதான். எண்ணிக்கை இங்கே உதவவில்லை. ஆனால் மாட்டு வண்டியின் குடம் கடைந்தெடுத்த ஒரே மரம். அதில் துளை குடைந்து ஆரக்காலை அடிப்பார்கள். வெடிக்காமல் இருக்க இரும்புப் பூண் போடுவார்கள். ஜட்காவும் அதே முறைதான். இங்கே மரக்குடமே இல்லை. ஆரக்கால்களின் அடிகள் ஆப்புப்போல் செதுக்கப்பட்டு, ஒன்றோடொன்று நெருங்கி, குழலைச் சுற்றி வளையமாக நின்றன. இரு பக்கமும் இரும்புத் தட்டு இறுக்கிப் பிடித்திருந்தது. மாட்டு வண்டியும் இல்லை, ஜட்காவும் இல்லை.

திப்புவின் பீரங்கியா? அதற்கு விடை தட்டிலேயே இருந்தது. பெரியப்பாவின் பேரன் மண்ணெண்ணெய் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தான். துருவுக்கு அடியில் ஒரு குறி மெல்லத் தெரிந்தது. மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடுகின்றன, கோழிக் கால் தடம் போல!

அம்புக் குறி

வாசகர்களே, அந்தக் குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ‘அகன்ற அம்பு’ என்று பெயர். பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கு அடையாளமாகப் பல நூற்றாண்டுகளாக அதைப் பொறித்து வந்தார்கள். துப்பாக்கியிலும் பெட்டியிலும் கூடாரத்திலும், ஏன், சிறைக் கைதிகளின் சட்டையிலும்கூட அந்த அம்பு இருந்தது. அம்பைக் கண்டதும் திப்புவின் பெயர் அடிபட்டுப்போயிற்று. பெரியப்பா, “நான் சொல்லல?” என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

எனக்கோ நெஞ்சு கனத்தது. பிரிட்டிஷ் அம்பு என்றால் இங்கிலாந்தின் வூல்விச் ஆயுதச் சாலையில் செய்து கப்பலில் வந்த சரக்காக இருக்கலாம் அல்லவா? அப்படியானால் பாட்டனின் அப்பா செய்தது என்ற பேச்சு என்ன ஆவது? அப்பாவிடம் போய் நான் என்ன சொல்வேன்?

அடுத்த தெருவில், ராணுவப் பட்டறையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்து வந்தார்கள். அவர் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்து, “அம்புக்குக் கீழே இன்னும் தேய்ங்க” என்றார். தேய்த்தோம். ஒரு நேர்க்கோடு தெரிந்தது. மேலும் கீழும் சிறு குறுக்குக்கோடுகள். ஆங்கில எழுத்து ‘ஐ’. “அம்பும் ஐயும் சேர்ந்தா இந்தியாப் படையோட சொத்து” என்றார் அவர்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்தப் பெரியவர் நேர்மையானவர். “அவசரப்படாதீங்க டீச்சரம்மா. இந்தக் குறி சொத்து யாரோடதுன்னு சொல்லும். செஞ்சது யாருன்னு சொல்லாது. வூல்விச்சுல செஞ்சு இந்தியாவுக்கு வந்த சாமானுக்கும் இந்த முத்திரை விழும்” என்றார்.

அந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன். சொத்து யாருடையது என்பதை எழுதுகிறவர்கள், செய்தவன் யார் என்பதை எழுதுவதில்லை!

‘மதராஸ் மாதிரி’

அன்று இரவு பெரியப்பாவின் பேரன் கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். இயந்திரப் பொறியியல் படிக்கும் பிள்ளை. திடீரென்று, “அத்தை, இங்க வாங்க!” என்று கூவினான். பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரிட்டிஷ் பீரங்கிப் படைக் கையேடு ஒன்றின் பக்கங்கள் திரையில் இருந்தன. சக்கரத்தின் படம், உலோகக் குடம், இரு தட்டுகள், ஆப்பு வடிவ ஆரக்கால் அடிகள். அந்தச் சக்கரத்துக்கு அங்கே கொடுத்திருந்த பெயரை அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான்: “மதராஸ் பேட்டர்ன்.”

அதாவது, மதராஸ் மாதிரிச் சக்கரம்! பிரிட்டிஷ் பீரங்கிப் படை தன் களப் பீரங்கி வண்டிகளுக்கு ஏற்றுக்கொண்ட ஒரு சக்கர வகைக்கு நம் மதராசின் பெயர். திண்ணையில் இருந்த எல்லாரும் சற்று நேரம் பேசவில்லை.

எதற்காக இப்படி ஒரு சக்கரம்? பீரங்கி வண்டி நம் ரெட்டை மாட்டு வண்டி போன்றதன்று. முன்னால் குண்டும் மருந்தும் ஏற்றிய இருசக்கர வண்டி. அதன் பின்கொக்கியில் பீரங்கி. ஆறு குதிரைகளை இரண்டு இரண்டாகப் பூட்டுவார்கள். ஒவ்வொரு சோடியிலும் இடப்பக்கக் குதிரையின்மேல் ஓட்டுநர் ஒருவர் அமர்வார். கல்லும் பள்ளமும் பாராமல் அது ஓட வேண்டும். சென்னை வெயிலிலோ மரக்குடம் காய்ந்து சுருங்கும். மழையில் ஊறி உப்பும். மறுபடி காய்ந்ததும் ஆரக்கால்கள் ஆடத் தொடங்கும். போதாக்குறைக்குப் பன்னிரண்டு துளை குடைந்த மரம் வலுவும் இழந்துவிடும். போர்க்களத்தில் ஓர் ஆரக்கால் முறிந்தால், பட்டாவைக் கழற்றி வட்டையைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும்.

உலோகக் குடத்தில் அந்தத் தொல்லை குறைவு. வெயிலில் அது சுருங்காது. ஆரக்கால் அடிகள் ஒன்றையொன்று நெருக்கி வளைவுக் கட்டடத்துக் கற்களைப்போல் நிற்கின்றன. ஒன்று முறிந்தால் திருகாணிகளைத் தளர்த்தித் தட்டை விலக்கிப் புதிய ஆரக்காலைச் செருகலாம். ஆரம்ப கால மோட்டார் கார்களிலும், அமெரிக்க ஃபோர்டு கார் உட்பட, இதே அமைப்பில் மரச் சக்கரம் இருந்தது. அதைப் ‘பீரங்கிச் சக்கரம்’ என்றே அழைத்தார்கள். பழைய புகைப்படங்களில் தோட்டத்துத் துரையின் காரைப் பார்த்தால், சக்கரத்தைச் சற்று உற்றுப் பாருங்கள்.

பீரங்கி வண்டியையே பார்த்ததில்லையே என்பீர்கள். பார்த்திருப்பீர்கள். 2022 செப்டம்பர் 19 அன்று மகாராணி எலிசபெத்தின் பேழையைப் பீரங்கி வண்டியில் வைத்து 142 மாலுமிகள் கயிறு பிடித்து இழுத்துப் போனதைத் தொலைக்காட்சியில் நாம் பார்க்கவில்லையா? முன்பு அதைக் குதிரைகள்தாம் இழுப்பதாக இருந்தது. 1901-இல் விக்டோரியா மகாராணியின் இறுதி ஊர்வலத்தில், குளிரில் நெடுநேரம் நின்ற குதிரைகள் மிரண்டு பூட்டு அறுந்துபோகவே, மாலுமிகள் கை கொடுத்தார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு சிறு பாகம் முறிந்தால் பேரரசின் ஊர்வலமும் நின்றுவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மலை ஏறினோம்

மறுநாள் காலை நானும் மகனும் பரங்கிமலைப் படிகளில் ஏறினோம். உச்சியில் நின்றால் ஒருபுறம் விமான ஓடுதளம், மறுபுறம் ராணுவக் குடியிருப்பின் மரங்கள். சென்னைப் பீரங்கிப் படைக்குத் தலைமையிடமாக இருந்தது இந்த மலையடிவாரம்தான். 1805-இல் சென்னைக்கென்று குதிரைப் பீரங்கிப் படையும் அமைந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. அந்த ஊர்ப் பெயரால் அவற்றை ‘வேலர்’ என்றார்கள். கனத்த பீரங்கிகளுக்கு மாடும் யானையும் பூட்டினார்கள். குண்டுச் சத்தத்தில் யானை மிரளும் என்பதால், களத்துக்கு அருகில் வந்ததும் யானையை அவிழ்த்துவிட்டு மாட்டைப் பூட்டுவது உண்டு. பொறுமைக்கு மாடு!

இன்னொரு செய்தியும் அந்த மலைக்கு உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, நூறு அடி எஃகுச் சங்கிலியைக்கொண்டு இங்கே ஏறத்தாழ ஏழரை மைல் நேர்க்கோட்டை அளந்தார். இந்தியாவையே அளந்த பெரும் நில அளவை அங்கேதான் தொடங்கியது. அவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. மலையில் அவருக்குச் சிலையும் உண்டு. வெயிலில் அந்தச் சங்கிலியைத் தூக்கி நடந்தவர்கள் யார் யார் என்று என் மகன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

பட்டறையின் கதையும் அப்படித்தான். 1799-இல் திப்பு வீழ்ந்த பின், தேக்கு மரம் மலிந்த மைசூர்ச் சீமையில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கும்பினியார் பீரங்கி வண்டிப் பட்டறை நடத்தினார்கள். பிறகு அது சென்னைக்கு வந்தது. தச்சர், கொல்லர், வார்ப்பு வேலைக்காரர், தோல் வேலைக்காரர் என்று எத்தனை கைகள்! 1904-இல் ஜபல்பூரில் பெரிய தொழிற்சாலை அமைந்தபோது சென்னை வேலை அங்கே போய்ச் சேர்ந்தது. “பட்டறையை வடக்கே கொண்டு போயிட்டாங்க” என்று அப்பா சொல்லி வந்த வார்த்தை சரியாகவே இருந்தது. ஆண்டு தெரியாமல், ஊர்ப் பெயர் தெரியாமல், நான்கு தலைமுறையாக வாய் வழியே வந்த பேச்சு தவறவில்லை.

எங்கள் பாட்டன் ஆவடி முகாமில் காத்திருந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். நாகப்பட்டினத்தைப் போலவே ஆவடியிலும் அப்போது தொழிலாளர் முகாம் இருந்தது. அதே ஆவடியில்தான் பிற்காலத்தில் இந்தியா ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையை அமைத்தது. பாட்டனுக்கு முன்பே சென்னைச் சிப்பாய்கள் நம் கரைக்கு வந்துவிட்டார்கள். 1811-இல் ஜாவாவின்மேல் படையெடுத்தபோது, சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த கப்பல்கள் மலாக்காவில்தான் கூடின. 1830-களின் தொடக்கத்தில் நானிங் போருக்கும் சென்னைப் படையே வந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ‘சிப்பாய் லைன்’ என்று இடங்களுக்குப் பெயர் வந்தது அவர்களால்தான்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

வெள்ளிக்கிழமைக்கு முன்தினம் எல்லாரும் திண்ணையில் கூடினோம். நான் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்திகள் போட்டேன்.

இடப்பக்கம், உறுதியாகத் தெரிந்தவை: இது ராணுவ வண்டிச் சக்கரத்தின் குடம். மதராஸ் மாதிரியில் செய்தது. இந்தியப் படையின் சொத்தாக இருந்தது. பீரங்கிப் படையின் தலைமையிடத்துக்கு நடை தூரத்தில் கிடக்கிறது. சென்னையில் பட்டறை இருந்ததும் அது வடக்கே போனதும் உண்மை.

வலப்பக்கம், தெரியாதவை: இதே குடத்தை எங்கள் முன்னோர் செய்தாரா? இது எப்படி இந்த வீட்டுக்கு வந்தது? கழித்துப் போட்ட சாமானை ஏலத்தில் எடுத்திருக்கலாம். வேலை போன நாளில் ஞாபகத்துக்கு ஒன்றை வாங்கி வந்திருக்கலாம். வேறு யாரோ விட்டுப் போயிருக்கலாம்.

பெரியப்பா வலப்பக்கத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க தாத்தா செஞ்சதுன்னே எழுதிடேம்மா. யாரு வந்து கேக்கப் போறாங்க?” என்றார்.

ஆசை எனக்கும் இருந்தது, வாசகர்களே! மண்டோரின் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கை பொய்யை எழுதலாமா? “பெரியப்பா, தெரிஞ்சதே நமக்குப் போதும். தெரியாததைச் சேர்த்தா, தெரிஞ்சதையும் நம்ப மாட்டாங்க” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

காலையில் காயலான் கடைக்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். பித்தளை அண்டா, உடைந்த கட்டில், தகரம் எல்லாம் ஏறின. குடத்தின் அருகே அவர் போனபோது பெரியப்பா குறுக்கே வந்து நின்றார். மடியிலிருந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். “இது விலைக்கு இல்லப்பா. எங்க மதராஸ் சக்கரம்.”

புது வீட்டு வாசலில் அதை வைத்துத் துளசிச் சட்டியையும் அதன்மேல் வைக்கப் போவதாக அவர் சொல்லியிருக்கிறார். நானும் மகனும் அந்தக் குறியின்மேல் வெள்ளைத் தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்தோம். நாணயத்தைத் தாளில் பதியவைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போமே, அதே முறைதான். அம்பும் ஐயும் தாளில் கறுப்பாக எழுந்தன. அந்தத் தாளைத்தான் நான் அப்பாவுக்குக் கொண்டு வந்தேன்.

அப்பாவின் கேள்வி

அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பத்திகளையும் படித்துக் காட்டினேன்.

“பேரு ஒண்ணும் போடலியா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. ஊர் பேரு மட்டும்தான்.”

அவர் வாசலைப் பார்த்தார். வெளியே செம்பனை மரங்கள் வரிசையாக நின்றன. “இந்த மரத்தைக்கூட நாங்கதான் நட்டோம். யாரு பேரை எழுதி வெச்சிருக்காங்க?” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனா பட்டறை இருந்தது நெசந்தானே?” என்றார்.

“நெசந்தான்பா. ஆண்டோட எழுதி வெச்சிருக்கேன்.”

“அது போதும்” என்று தாளை மடித்துத் தன் பழைய சிவப்பு அடையாளக் கார்டு இருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அன்பு வாசகர்களே! தோட்டங்கள் விற்கப்படுகின்றன, லயங்கள் இடிக்கப்படுகின்றன. சாமான்களை வண்டியில் ஏற்றும் நாளில் எதை எறிவது என்று நமக்குத் தெரிவதில்லை. உங்கள் வீட்டிலும் தேய்ந்துபோன பால்வெட்டு உளி, பித்தளைச் செம்பு, பழைய சம்பளச் சீட்டு, கப்பல் பெட்டி என்று ஏதேனும் ஒன்று இருக்கும். எறிவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். அழுக்கைத் துடைத்து எழுத்தோ குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா பாட்டியைக் கேட்டு, தெரிந்ததை ஒரு பக்கமும் தெரியாததை மறு பக்கமும் எழுதி வையுங்கள். அவர்கள் பெயரையும், அவர்கள் செய்த வேலையையும் மறவாமல் எழுதுங்கள். எங்கள் முன்னோரின் பெயரை எழுதி வைக்க அன்று ஒருவரும் இல்லை. இன்று உங்கள் வீட்டில் எழுதப் படித்த பிள்ளை ஒன்று இருக்கிறதே!

எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இந்தத் தவணையில் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். முதல் நாள் ஒரு சிறுமி கொண்டு வந்தது, அவள் பாட்டியின் துருப்பிடித்த உளி. பிடியில் கத்தியால் கீறிய மூன்று கோடுகள் இருந்தன. “இது என்ன குறி டீச்சர்?” என்று கேட்டாள்.

“பாட்டியையே கேட்டு வா” என்று அனுப்பியிருக்கிறேன்.